ஊர் முயற்சியும் மன்றத் தீர்மானமும்

நுழையும்முன்

ஊரார் தாமே கூடித் தொடங்கும் ஒரு பொதுப்பணியில் உள்ளாட்சி மன்றமும் சேர்ந்துகொள்ளலாமா? கேட்பதற்கு எளிய வினா. 'ஆம்' என்று கை உயர்த்துவதும் எளிது. உயர்த்திய கைக்குப் பின்னால் பணம், சட்டம், நிலம், நம்பிக்கை எனப் பல இழைகள் பின்னிக் கிடக்கின்றன. நீலகிரி மாவட்டத்து ஓவேலியை நடுவாக வைத்து அவ்விழைகளைப் பிரித்துக் காட்ட முயல்கிறது இப்பாடம்.

பள்ளத்தாக்கில் ஒரு பேரூராட்சி

கூடலூரை அடுத்து, நீலகிரி மேல்மலையின் மேற்கு விளிம்பு செங்குத்தாய்ச் சரிந்து நிற்கும் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது ஓவேலி. பெயரைக் கேட்டவுடன் பழந்தமிழ்ச் சொல் என்றே தோன்றும்; அதில் 'வேலி' என்னும் நில அளவைக் காண்போரும் உண்டு. உண்மையில் அது ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு என்பதற்கான ஆங்கிலப் பெயர் மக்கள் வழக்கில் சுருங்கிய வடிவம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலகிரியை நில அளவை செய்த படை அலுவலர் ஜான் ஆக்டர்லோனி. அவருடைய உடன்பிறந்தாரான ஜேம்ஸ் ஆக்டர்லோனி, நிலம்பூர்க் கோவிலகத்தாருக்கு உரிய இந்தப் பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் அமைத்தார். பின்னாளில் தேயிலை பரவியது. தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள், கேரளத்திலிருந்து நிலம் தேடி வந்தவர்கள், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் எனப் பலரும் கூடலூர் வட்டாரத்தில் குடியேறினர். இவர்கள் எல்லாருக்கும் முன்னரே அங்கு வாழ்ந்தவர்கள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய பழங்குடியினர்.

பேரூராட்சி என்றதும் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் நெருங்கிய வீடுகளும் நம் கண்முன் வரும். ஓவேலி அப்படிப்பட்டதன்று. எல்லமலை, ஆரோட்டுப்பாறை, பெரியசோலை எனத் தேயிலைக்கும் காட்டுக்கும் இடையில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளின் தொகுப்பு அது. சட்டத்தின் கண்ணில் அது நகர்ப்புற உள்ளாட்சி. யானைகளின் கண்ணில் நடந்து பழகிய வழி. 2022 பிப்ரவரியில் நடைபெற்ற நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது நீலகிரி மாவட்டத்தில் இருந்த 11 பேரூராட்சிகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய ஊரில் பொதுப்பணி எதுவும் மன்றத்துக்காகக் காத்திருந்ததில்லை. மழையில் சரிந்த மண்ணை அள்ளுவதும், ஊற்றுநீரைக் குழாய்வழி வீட்டுக்குக் கொண்டுவருவதும், நோயாளியைச் சாலை வரை சுமந்து வருவதும் மலைக் குடியிருப்புகளில் அண்டை அயலார் தாமே செய்துகொள்பவை. ஆகவே, 'மக்கள் முயற்சியில் மன்றம் சேரலாமா' என்னும் வினா இங்கே மன்றத்தின் பெருந்தன்மையைப் பற்றியதாகாது. முன்பே நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் மன்றம் எந்த இடத்தில் வந்து அமர்வது என்பதே வினா.

தீர்மானம் என்பது யாது?

பேரூராட்சி மன்றத்தில் வார்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், அவர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்த தலைவர், துணைத்தலைவரும் இருப்பர். அரசால் அமர்த்தப்படும் செயல் அலுவலர் நிருவாகத்தைக் கவனிப்பார். ஓர் உறுப்பினர் தெருமுனையில் நின்று, "உங்களுடன் நாங்களும் இருக்கிறோம்" என்று சொன்னால் அது அவருடைய சொல். அதுவே கூட்டப் பொருளாக வைக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, பெரும்பான்மையால் ஏற்கப்பட்டுத் தீர்மானப் பதிவேட்டில் எண்ணுடன் ஏறிவிட்டால் மன்றத்தின் சொல்லாகிறது. சொன்ன உறுப்பினர் அடுத்த தேர்தலில் தோற்றாலும் அத்தீர்மானம் தோற்பதில்லை. மன்றம் அதனை மாற்றும் வரை நிற்கும். அதிகார எல்லையைக் கடந்த தீர்மானத்தை அரசு நீக்கவும் கூடும்.

1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்தது. அதனோடு சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணையில் 18 பணிகள் உள்ளன. குடிநீர், தூய்மை, தெருவிளக்கு, சாலை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு போன்றவை அவற்றுள் அடங்கும். ஊர் முயற்சிகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்தான் பிறக்கின்றன. எனவே, மன்றம் ஒரு முயற்சியில் சேர்வது என்பது புதிய வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வதன்று. தனக்கு உரிய வேலையை வேறொருவர் செய்வதைக் கண்டு பக்கத்தில் போய் நிற்பது. சில மன்றங்களுக்குக் கூச்சம் ஏற்படுவது இந்த இடத்தில்தான்.

எண்ணிப் பார்ப்போம். தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பெண்கள் சிலர் கூடிக் குப்பையை வீட்டிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை எனப் பிரிக்கத் தொடங்குகின்றனர். பலா, வாழைக் கழிவு வாசலில் கிடந்தால் இரவில் யானை வரும் என்பது அவர்கள் பட்டறிந்த செய்தி. பிரித்த குப்பையை எடுத்துச்செல்ல வண்டி வேண்டும் என மன்றத்துக்கு மனு அளிக்கின்றனர். கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "தூய்மைப் பணியாளர் இருக்கும்போது இவர்கள் எதற்கு?" என்கிறார். இன்னொருவர், "எந்தக் கணக்குத் தலைப்பில் செலவை எழுதுவது?" எனக் கேட்கிறார். மூன்றாமவர், "ஆறு மாதம் கழித்து இவர்கள் விட்டுவிட்டுப் போனால் வண்டி யாருக்கு?" என்கிறார். இவற்றை முட்டுக்கட்டை என்று தள்ளிவிடக் கூடாது. மூன்றாவது வினா மூன்றிலும் கூர்மையானது. பொதுப்பணத்தைச் செலவிடுவோர் அதைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால், அதே வினாவை மக்களும் மன்றத்தை நோக்கிக் கேட்கலாம். ஆறு மாதம் கழித்து மன்றம் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது?

அப்படி நேர்ந்த கதை இங்கிலாந்தில் உண்டு. எண்ணெயைச் சார்ந்த வாழ்விலிருந்து ஊர்கள் தாமே மெல்ல விலகவேண்டும் என்னும் நோக்கத்துடன் 2006-இல் டாட்னஸ் என்னும் சிற்றூரில் 'மாறும் ஊர்' இயக்கம் தொடங்கியது. 2008-இல் சாமர்செட் மாவட்ட மன்றம் அவ்வகை முயற்சிகளுக்குத் துணைநிற்பதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இயக்கத்தார் மகிழ்ந்தனர். 2009 தேர்தலில் மன்றத்தின் ஆட்சி கைமாறியது. 2010-இல் அம்மன்றம் பெருமளவு செலவுக் குறைப்பில் இறங்கியது. துணைநிற்பது என்றால் எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு, எந்த அலுவலர் பொறுப்பு என்பன எழுதப்படாத தீர்மானம், வாழ்த்துமடல்போலச் சுவரில் தொங்குவதற்கு மேல் அதிகம் செய்ய இயலாது.

குடிமராமத்து தந்த பாடம்

மக்கள் முயற்சியுடன் ஆட்சி சேர்வதில் வேறொரு கேடும் உண்டு. தமிழகத்தில் ஏரி, வாய்க்கால்களை அவற்றின் நீரைப் பயன்படுத்தும் உழவர்களே கூடித் தூர்வாரி, கரை உயர்த்திக் காத்தனர். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். குடி தமிழ்ச் சொல். மராமத்து அரபு வழியாக வந்து ஆட்சிமொழியில் ஊன்றிய சொல். பெயரிலேயே மக்களும் அரசும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகள் வருவாய்க்கு வழியாயின. பராமரிப்புச் செலவு சுமையாயிற்று. அந்தச் சுமையைக் குடிகளின் மரபான உழைப்பு ஏற்கவேண்டும் என ஆட்சி எதிர்பார்த்தது. 1858-இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊராரை வேலைக்கு அழைக்கவும், மரபாகச் செய்துவந்த பராமரிப்பைச் செய்யாதோரிடம் தொகை வசூலிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. ஊரார் தம் ஏரி என்று கருதிச் செய்த வேலை, அரசு இட்ட வேலையாக உருமாறியது. குடிமராமத்து நலிந்ததற்குக் காரணங்கள் பல; நில உடைமை மாற்றமும் பாசனம் துறையின் கைக்குச் சென்றதும் அவற்றுள் பெரியவை. ஆனாலும் விருப்பத்தைக் கட்டாயமாக்கியதை அக்காரணங்களிலிருந்து ஒதுக்கிவிட முடியாது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தைத் திட்டமாக மீட்டெடுத்தபோது, பாசனம் பெறும் உழவர்களின் சங்கங்கள் வழியே பணிகளைச் செய்வது என்றும், மதிப்பீட்டில் ஒரு சிறு பங்கை அவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருவது என்றும் முறை வகுக்கப்பட்டது.

இதனையொத்த ஏற்பாடு நகர்ப்புறங்களுக்கும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டு, இடையில் பெயர் மாறி, பின்னர் மீண்டும் அதே பெயருடன் வந்த நமக்கு நாமே திட்டத்தில், பெரும்பாலான பணிகளுக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் எஞ்சியதை அரசு தருகிறது. நல்ல ஏற்பாடுதான். எனினும் மூன்றில் ஒரு பங்கு என்பது வணிகர் மிகுந்த ஊருக்கு ஒரு மாலைநேரக் கூட்டத்தில் திரளும் தொகை; நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு அது மலை. பங்குத்தொகையை மட்டுமே மன்றம் அளவுகோலாகக் கொண்டால், ஏற்கெனவே வசதி உள்ள வார்டின் முயற்சியே முதலில் கைகோக்கப்படும்.

சேர்ந்து செய்தவர்கள்

நீலகிரியிலேயே நல்ல சான்று ஒன்று உண்டு. குன்னூர் நகராட்சியின் குப்பை நெடுங்காலம் ஓட்டுப்பட்டறையில் கொட்டப்பட்டு வந்தது. 'கிளீன் குன்னூர்' என்னும் தன்னார்வ அமைப்பினர் முதலில் சாலையோரங்களையும் ஓடைகளையும் தூய்மை செய்தனர். அள்ளிய குப்பையை எங்கே கொண்டுபோவது என்னும் வினா அவர்களை ஓட்டுப்பட்டறைக்கு இழுத்துச் சென்றது. நகராட்சியுடன் இணைந்து, குப்பையைத் தரம் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் மையமாக அவ்விடம் மாறியது. பவானியை நோக்கி ஓடும் குன்னூர் ஆற்றில் தேங்கிக் கிடந்த குப்பையும் மண்ணும் 2019-இல் அகற்றப்பட்டன. இதில் கவனிக்கவேண்டியது வேலைப் பங்கீடு. வீடுதோறும் குப்பை வாங்கும் பணியாளரும் வாகனமும் இடமும் நகராட்சிக்கு உரியவை; அவற்றைத் தன்னார்வலர் உண்டாக்கிவிட முடியாது. பிரிப்பு முறை, பொறி, நாள்தவறாத மேற்பார்வை ஆகியவற்றுக்கு வேண்டிய நேரமும் ஆர்வமும் நகராட்சி அலுவலகத்தில் எளிதில் கிடைப்பன அல்ல.

மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி வேறு வழியில் சென்றது. அங்கே ஊராட்சியே முன்னின்றது. மக்களைத் தன்னுடன் அழைத்துக்கொண்டது. 2003-இல் மரக்கழிவை எரிவாயுவாக்கிக் குடிநீர் இறைத்துப் பார்த்தது. பின்னர் 2006-இல், ஊராட்சிச் சேமிப்புடன் வங்கிக் கடன் ரூ.1.15 கோடியும் சேர்த்து, மொத்தம் ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊரின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. ஊராட்சி ஒன்று வங்கியில் கடன் வாங்கலாம் என்பதே அன்று பலருக்குப் புதிய செய்தி. கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு இருந்ததால் அந்தத் தீர்மானத்தை எவரும் மறந்துவிட இயலவில்லை.

மன்றத்தைவிட மூத்ததும் உறுதியானதுமான மக்கள் அமைப்பு இருக்குமிடத்தில் நிலைமை வேறு. கூடலூரில் பழங்குடி மக்கள் 1980-களில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டனர். 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கானோர் கூடலூர் நகரில் ஊர்வலமாக வந்து தம் நில உரிமையைக் கேட்டனர். தமக்கென மருத்துவமனை கண்டனர். 1992 முதல் சிறு சந்தாவின் வழியே மருத்துவக் காப்பீடும் நடத்தினர். இப்படிப்பட்ட அமைப்புடன் உள்ளாட்சி மன்றம் சேர விரும்பினால் புரவலராகச் சென்று நிற்க முடியாது. அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த அறிவுக்கு முன் கேட்டறிபவராகவே செல்லவேண்டும். பள்ளி இடைநிற்றல், சத்துக்குறைவு, மகப்பேறு ஆகியவை பற்றி எந்தப் பாடியில் என்ன நிலை என்பதை அவர்களிடமே கேட்டறியலாம்.

தெரிந்து தெளிவோம்

கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1974-இல் நடைமுறைக்கு வந்தது. நிலம்பூர்க் கோவிலகம் முதலிய ஜென்மிகளின் உரிமையை நீக்கிச் சுமார் 80,000 ஏக்கர் நிலத்தை அரசின்கீழ்க் கொண்டுவருவது அதன் நோக்கம். இச்சட்டம் நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் அரசமைப்பின் 9-ஆவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்து எழுந்த வழக்கே ஐ.ஆர். கொயலோ வழக்கு. 1973 ஏப்ரல் 24-க்குப் பின் 9-ஆவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகின்றனவா என நீதிமன்றம் ஆராயலாம் என்று, 2007 ஜனவரி 11 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் படிக்கப்படும் அவ்வழக்கின் வேர் கூடலூர் மண்ணில் உள்ளது.

காலடியில் உள்ள நிலம்

ஓவேலிக்கே உரிய இடர் ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. மேற்கண்ட சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஜென்மிகள் தோட்டங்களுக்குக் குத்தகையாக விட்ட நிலங்களைப் பற்றியது. அந்நிலங்களின் உரிமை முழுமையாக முடிவு செய்யப்படாமல் வழக்குகளில் நீண்டது. இதற்கிடையில் அங்கே வீடு கட்டிக் குடியிருப்போரின் தொகை தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. 'பிரிவு 17' என்பது கூடலூர் வட்டாரத்தில் சட்ட நூலைத் திறக்காதவரும் அறிந்த தொடர். பட்டா வேண்டும், மின் இணைப்பு வேண்டும் என்னும் கோரிக்கைகள் தேர்தல்தோறும் அங்கே எழுகின்றன.

இதனால் பேரூராட்சி மன்றத்தின் நிலை விந்தையானது. ஒரு குடியிருப்பு அதன் வார்டுக்குள் இருக்கிறது; அங்குள்ளோர் அதற்கு வாக்களிக்கின்றனர்; ஆனால் அவர்கள் காலடி நிலம் வருவாய்த்துறை, வனத்துறை, தோட்ட நிருவாகம், நீதிமன்றம் ஆகியவற்றின் நடுவில் நிற்கிறது. அந்த நிலத்தில் ஊரார் கூடி நடைபாதை அமைக்கத் தொடங்கி மன்றமும் அதில் சேர்ந்தால், அது வெறும் நடைபாதையாக இராது. ஒரு பக்கம் அதனை உரிமைக்கான சான்றாகக் கருதும். மறுபக்கம் ஆக்கிரமிப்புக்குத் துணைபோவதாகக் கருதும். சேராமல் இருந்தாலும் நடுநிலை ஆகிவிடாது. மழைக்காலத்தில் அந்த வழியில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளுக்கு மன்றத்தின் ஒதுக்கம் சேறாகத்தான் தெரியும்.

எனவே, நிலத்தில் நிலையான கட்டுமானம் எழுப்பாத முயற்சிகளில் முதலில் சேர்வது ஓவேலி போன்ற மன்றத்துக்கு அறிவுடைமை எனலாம். குப்பை பிரித்தல், அவசர ஊர்தி ஒருங்கிணைப்பு, உண்ணிச்செடிப் புதர் வெட்டுதல், யானை நடமாட்ட எச்சரிக்கை முதலியன இத்தகையவை. இவற்றுள் கடைசியானது உயிரோடு தொடர்புடையது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புவோரும் இருட்டிய பின் பேருந்திலிருந்து இறங்கி நடப்போரும் தேயிலைப் புதர்களுக்கிடையே நிற்கும் யானையைக் கடைசி நொடியில்தான் காண்கின்றனர்.

கோயம்புத்தூர் மாவட்டத்து வால்பாறையில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. இயற்கைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள், வனத்துறையினர், தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து, யானைக்கூட்டம் மாலையில் எங்கே நிற்கிறது என்பதை உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடவிட்டனர். பின்னர் அது கைப்பேசிக் குறுஞ்செய்தியானது. முக்கியமான இடங்களில் உயர்ந்த கம்பங்களில் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. யானையைக் கண்ட உள்ளூர்க்காரர் தம் கைப்பேசியிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். எரியும் விளக்கைக் கண்டோர் மாற்று வழியில் செல்வர், அல்லது காத்திருப்பர். விளக்கை ஏற்றுபவர் அலுவலர் அல்லர். அதே வழியில் நாள்தோறும் நடப்பவர். பிறர் அதை நம்புவதற்கு அதுவே காரணம்.

இத்தகைய ஏற்பாட்டில் ஒரு பேரூராட்சி மன்றம் செய்யக்கூடியது என்ன? விளக்கைத் தன்வயப்படுத்த வேண்டியதில்லை. தெருவிளக்கு ஏற்கெனவே அதன் பொறுப்பு. எரியாத தெருவிளக்கை எத்தனை நாளுக்குள் மாற்றுவது என்பதைத் தீர்மானத்தில் எழுதலாம். வழியோரப் புதரை எந்த மாதங்களில் வெட்டுவது, அதற்கு வனத்துறையின் இசைவை யார் பெறுவது, செய்தி சொல்லும் தன்னார்வலரின் கைப்பேசிச் செலவை எந்தத் தலைப்பில் ஈடுசெய்வது என்பவற்றை வரையறுக்கலாம். மேலும் ஒன்றை எழுதவேண்டும். எச்சரிக்கை பொய்த்து ஓர் உயிர் போனால், அந்தப் பழியைத் தன்னார்வலர்மேல் சுமத்துவதில்லை என்பதே அது. இவ்வுறுதி இல்லாவிட்டால் முதல் விபத்துக்குப் பின் கைப்பேசியை எடுக்க எவரும் முன்வரமாட்டார்கள்.

கூட்டம் எப்போது?

தமிழ்நாட்டில் நவம்பர் 1 உள்ளாட்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கிராமங்களில் உள்ள கிராமசபை போல, நகர்ப்புறங்களில் 2022-இல் அந்நாளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. வார்டின் ஒரு பகுதியில் வாழும் வாக்காளர்கள் உறுப்பினருக்கு முன் அமர்ந்து தம் தேவைகளைச் சொல்லும் வாய்ப்பு அது. மன்றம் எந்த ஊர் முயற்சியில் சேர்வது என்பதற்கான வினா மன்றக் கூடத்துக்கு வருமுன் இங்கே எழுந்தால், பாதி ஐயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். குறிப்பாக, 'இவர்கள் யார்?' என்னும் ஐயம்.

ஆனால், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண், காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மாலையில்தான் கூடையை இறக்குகிறார். வேலைநாளில் முற்பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்தால், வருவதற்கு அவர் ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். குப்பையைப் பிரித்தவர் அவர். விடியலில் யானையைக் கண்டவரும் அவர். கூட்டத்தில் அமர்ந்திருப்பவரோ கடைக்காரரும் ஒப்பந்தக்காரரும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மேடையில் பெண் தலைவர் இருக்கலாம், எதிரே பெண்கள் இல்லாமலும் போகலாம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. இருட்டுவதற்குள் அனைவரும் வீடு திரும்பும்படி பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கினால் போதும்.